தேயிலைப்பெட்டிப் படகு

தெமோதரைக்குச் சற்று முன்னால் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின்மேல் மண் சரிந்து கிடப்பதாகக் கார்டு ஒவ்வொரு பெட்டியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிங்களப் பெரியவர் மடியிலிருந்த தயிர்ச்சட்டியைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "இங்கே உட்கார்ந்திருந்தால் தயிர் புளித்துவிடும். வா, நடப்போம்" என்று அவர் மொழியில் என்னையும் கூப்பிட்டார். சிங்களம் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. பயணக் களைப்பில் பாதி அப்போதே போய்விட்டது.

தூறலில் சிலிப்பர் கட்டைகளின்மேல் கால் வைத்து நடந்தோம். என் பெட்டிக்குள் தங்கைக்கு வாங்கிய சுங்குடிச் சேலையும், அவள் வீட்டுக்காக ஒரு கட்டு முத்துப்பேட்டைக் கருவாடும் இருந்தன. பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "உன் பெட்டி கடலையே தூக்கிக்கொண்டு வருகிறது" என்றார். தெமோதரை ஸ்டேஷனில் ஆளுக்கொரு வெறுந்தேநீர் குடித்தோம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கும் வழக்கத்தை என் கை மறக்கவில்லை.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இந்தியா விழுந்தது. தங்கை லெட்சுமியின் புருஷன் ஆறுமுகத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அதே லயத்தில் தங்கிவிட்டாள். மண்டபம் முகாமில் இறங்கிய நாங்கள் எப்படியோ முத்துப்பேட்டையில் ஒதுங்கினோம். மலையைத் தவிர வேறொன்றும் அறியாத நான் அங்கே அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் வள்ளம் தள்ளிப் பிழைக்கக் கற்றேன். அந்த ஊரில் எனக்குப் பெயர் சிலோன்காரன். இங்கே ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவா?" என்றார். இரண்டு ஊரிலும் வெளியூர்க்காரன்.

லெட்சுமி எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் வந்ததில்லை. கடைசியாக அவள் எழுதியதற்கு மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. "அவரு ஒரு போட்டு செஞ்சிருக்காரு. ஏறுனா வட்டம் போடுது. தண்ணி தெரிஞ்ச ஆளு நீதான். வந்து பாரு."

ஸ்டேஷனுக்கு வெளியே வெலிமடையிலிருந்து லீக்ஸ், கரட் என்று காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்று நின்றது. மூட்டைகளின்மேல் இடம் கொடுத்தார்கள். பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் வெடித்து, பாதி மூட்டையை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. பயணியென்று யாரும் என்னை ஒதுக்கி உட்காரவைக்கவில்லை. பதுளையில் இறங்கியபோது என் சட்டை முழுக்க லீக்ஸ் வாசம்.

ஆறுமுகம் தாரும் கித்தான் துணியும் வாங்கிவரச் சொல்லியிருந்தான். கடைவீதியில் காசிம் நானா என்பவரின் கடைக்குப் போனேன்.

"தாரு எதுக்கு? கூரைக்கா?" என்று கேட்டார்.

"போட்டுக்கு."

"எங்க கொண்டு போறீங்க?"

"மடுல்சீமைக்கு."

நானா தராசை அப்படியே கீழே வைத்தார். "மடுல்சீமையில போட்டா? மேகத்துலயா வாப்பா உடப் போறீங்க?" கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து இறைச்சி ரொட்டி வரவழைத்துத் தின்னக் கொடுத்தார். அந்த மாதிரி உறைப்பை ஒன்பது வருஷமாக என் நாக்கு பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய இரண்டாவதையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

மடுல்சீமை பஸ்ஸில் என் காலடியில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். செங்குத்தான வளைவில் பஸ் மூச்சுவாங்கி நின்றது. "எல்லாரும் எறங்கி நடங்க. டிரைவர் மட்டும் ஏறி வருவாரு" என்றார் கண்டக்டர். இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்வலம்போல நடந்தோம். முத்துப்பேட்டையில் பஸ் நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கே பின்னால் வந்த ஒரு பெண் என் தார் டின்னை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

லயத்து வாசலில் லெட்சுமி நின்றிருந்தாள். "என்னண்ணே இப்புடி கருத்துட்டே?" என்றாள். உடனே உள்ளே போய் ரொட்டி தட்ட ஆரம்பித்துவிட்டாள். கோதுமை ரொட்டி, கட்டச் சம்பல், நான் கொண்டுபோன கருவாட்டில் லீக்ஸ் போட்டு ஒரு பிரட்டல். நான் ஊரைவிட்டுப் போனபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அவள் மகள் கலாவுக்கு இப்போது பதினாறு வயது. விளக்கடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளும் சிவா, ராஜேஸ்வரி என்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் பதுளைக்குப் போய், பள்ளி முடிக்கும் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து அந்தப் பரீட்சைக்கு யாரும் போனதில்லை. லெட்சுமி இதைச் சொல்லும்போது ரொட்டிக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகத்திலிருந்த பெருமையை மறைக்க வேறு வழி தெரியவில்லை அவளுக்கு.

மறுநாள் காலையில் ஆறுமுகம் என்னை டேமுக்குக் கூட்டிப்போனான். தேயிலை ஸ்டோரின் இயந்திரங்களுக்காக வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஓடைகளை மறித்துக் கட்டிய சின்ன அணை அது. மலைகளுக்கு இடையே மூன்று விரல்களை நீட்டிப் படுத்திருக்கும் நீளமான ஏரி. கல் சுமந்து அதைக் கட்டியவர்கள் எங்கள் பாட்டன்மார். ஆனால் அதில் படகு விட்டவர் துரை ஒருவர்தான். எங்களுக்குத் துணி துவைக்கும் கரையோடு சரி.

ஆறுமுகம் ஸ்டோரில் தச்சு வேலை செய்கிறவன். துரை பங்களாவில் கதவு பழுது பார்க்கப் போனபோது பழைய ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் கயாக் படத்தைப் பார்த்திருக்கிறான். ஒடுங்கிய உடம்பு, இரண்டு பக்கமும் அகலமான துடுப்பு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டே, கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து, பெட்டி விளிம்புத் தகரத்தாலேயே மூட்டி, இடுக்குகளில் தார் பூசியிருந்தான். துடுப்புகளை, தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு மரத்தில் செதுக்கியிருந்தான். பலகையில் பெட்டியின் முத்திரை எழுத்துகள் அழியவில்லை. ஒரு பக்கம் தோட்டத்தின் பெயர். மறுபக்கம் தலைகீழாக லண்டன். லயத்துக்காரர்கள் அதற்குப் பெட்டிப்போட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஏறிப் பார்த்தேன். சொன்னபடியே வட்டம் போட்டது. உட்காரும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அடிப்பாகத்தில் நீளவாட்டில் ஒரு சட்டம் அடிக்கச் சொன்னேன். மறுநாள் படகு சொன்ன பேச்சுக் கேட்டது. அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தவனுக்கு அதில் உட்காரத்தான் பயம். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போதும் மச்சான், நான் கரையிலேர்ந்தே பாக்குறேன்" என்றான்.

லெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். கொழுந்துக் கூடையோடு வழுக்குச் சரிவில் நின்று பழகிய கால். படகு ஆடினால் அவளும் கூட ஆடினாள், பயப்படவில்லை. இடம், வலம், இடம், வலம் என்று துடுப்பு போனது. இரண்டு தடவை என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள். மூன்றாவது தடவை துடுப்பு தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கியது. "உன்னைய முத்துப்பேட்டைக்குக் கூட்டிப்போனா எம்பொழப்பு போயிரும்" என்றேன்.

வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் அவளும் நானும் ஏரியின் ஒவ்வொரு விரலாகப் போய்ப் பார்த்தோம். முதல் விரலின் நுனியில் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு சிற்றருவி விழுந்தது. அதன் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து லயத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம்; அருவியைப் பார்த்தது அன்றுதான். இரண்டாவது விரலில் எருமைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று எங்களை விசாரணை செய்தன. அங்கே, முத்துப்பேட்டையில் ஜிலேபிக் கெண்டை என்கிற ஜப்பான் மீனைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள இளைஞன், படகிலிருந்த எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "அக்கா, லண்டனுக்கா போறீங்க?" என்று அவன் மொழியில் கேட்டான். "ஆமாம், சாமான் ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்று இவளும் அதே மொழியில் திருப்பிக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு மீனை எங்கள் படகில் போட்டான்.

என் முத்துப்பேட்டை வாய்க்கால்களில் தண்ணீர் கலங்கல். உப்பும் சேறும் மணக்கும். வேர்கள் ஈட்டி மாதிரி நிற்கும். இங்கே குனிந்து அள்ளிக் குடிக்கலாம். அங்கே ஓதம் ஏறி இறங்கும் நேரம் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும். இங்கே மூடுபனி இறங்குவதற்குள் கரையேறினால் போதும்.

மூன்றாவது விரல் மூங்கில்களுக்கு உள்ளே நுழைந்து ஓடையாக ஒடுங்கியது. துடுப்பு வீச இடமில்லை. மூங்கிலைக் கையால் பிடித்துப் பிடித்து இழுத்துப் போனோம். கடைசியில் ஒரு தட்டைப் பாறை. அதில் ஏறி நின்றபோது தலைக்கு மேலே பஸ் ஹார்ன் அடித்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லயத்திலிருந்து தோட்டத்து ரோட்டில் மலையைச் சுற்றி, கால் கடுக்க நடந்து பிடிக்கும் அதே பஸ். பாறைக்கு மேலே சின்ன ஏற்றம். அவ்வளவுதான் மெயின் ரோடு.

"இவ்ளோ கிட்டக்கவா போவுது!" என்றாள் லெட்சுமி.

திரும்பும்போது ஏரி நடுவில் துடுப்பை நிறுத்தச் சொன்னாள். சரிவில் வரிசையாக லயங்கள், கூரைகளிலிருந்து புகை. "அண்ணே, இங்கேருந்து பாத்தா நம்ம லயங்கூட அழகாத்தான் இருக்கு" என்றாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தன வருசமா இந்த எடத்துலேர்ந்து தொரை மட்டும்தான் பாத்திருக்காரு" என்றாள்.

அதற்குப் பிறகு வாடை மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை பரீட்சை. ஞாயிறு காலையில் பிள்ளைகள் பதுளைக்குப் போய் ஆறுமுகத்தின் அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை இரவு மலை உறுமியது. விடிந்து போய்ப் பார்த்தால் தோட்டத்து ரோடு இருந்த இடத்தில் செம்மண் சரிவு. தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் ஏரித் தண்ணீருக்குள் நின்றன. மலைமேல் குறுக்குப் பாதையில் பார்த்துவர இரண்டு பேர் போனார்கள். மரப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று, கால் முழுக்க அட்டைக்கடியோடு திரும்பி வந்தார்கள்.

சிவாவின் அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என்னா செய்யிறது? அடுத்த வருசம் எழுதட்டும்" என்றார்.  கலா தன் வெள்ளைச் சீருடையைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அந்த வயதில் நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

"போட்டு இருக்குல்ல" என்றாள் லெட்சுமி.

ஆறுமுகம் திடுக்கிட்டான். "அது வெளையாட்டுக்குச் செஞ்சது, புள்ள."

"வெளையாட்டுக்குச் செஞ்சாலும் மெதக்குதுல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படகில் என்னோடு ஒருவரைத்தான் ஏற்றலாம். மூன்று தடவை போய்வர வேண்டும். காற்று ஏரியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கலங்கலைப் பார்த்தேன், என் ஊர் வாய்க்கால் நிறம். "போலாம்" என்றேன்.

முதலில் சிவா. பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சூத்திரங்களைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே வந்தான். ஓடை வாயில் தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது. மூங்கில்களைப் பற்றி ஏறி அவனைப் பாறையில் இறக்கினேன். இரண்டாவதாக ராஜேஸ்வரி. அவளோடு ஓடை வாயை நெருங்கும்போது, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த மூங்கில் புதர் ஒன்று எங்கள்மேல் மோதியது. கையால் தள்ளினேன். அதற்கும் படகுக்கும் நடுவில் என் வலது மணிக்கட்டு நசுங்கியது. பலகை மூட்டு ஒன்று பிளந்து தண்ணீர் உள்ளே பீறிட்டது. ராஜேஸ்வரி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதனாலேயே தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவளைப் பாறையில் ஏற்றிவிட்டு, நீரோட்டத்தின் தயவில் ஒற்றைக் கையோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தேன்.

ஆறுமுகம் ஓடிவந்தான். படகைக் கவிழ்த்துப் போட்டு, பிளந்த இடத்தைத் துடைத்து, கித்தானை வைத்துக் காய்ச்சிய தாரை ஊற்றி, தகரப் பட்டையை அடித்து இறுக்கினான். அதற்குள் என் மணிக்கட்டு கொழுக்கட்டை போல் வீங்கிவிட்டது. துடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். முடியவில்லை.

லெட்சுமி என் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

"லெட்சுமி, ரெண்டு பேரும் ஒரே போட்டுலயா?" என்றான் ஆறுமுகம். மனைவியும் மகளும். அவனுக்கு இருப்பதே அந்த இரண்டு பேர்.

"நீங்க கட்டுன போட்டுதானே" என்றாள் அவள்.

அவன் மண்டியிட்டு ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் மகளை முன்னால் உட்காரவைத்து, இன்னொரு துடுப்பை அவள் கையில் கொடுத்தான். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் படகைப் பிடித்துக்கொண்டே போனான், நீச்சல் தெரியாதவன். "போயிட்டு வா" என்று தள்ளிவிட்டான்.

கரையில் லயம் முழுவதும் நின்றது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் படகோட்டப் பார்த்திருக்கிறேன். கடலிலேயே பிறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பார்த்ததுபோல் பார்த்ததில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தபோது லெட்சுமி படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைத்தாள். அதை நான் சொல்லித்தரவில்லை, எப்போது கண்டுபிடித்தாளோ! முன்னால் கலாவின் துடுப்பு தாயின் துடுப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. ஓடை வாயில் ஒரு மரக்கட்டை வந்தது. இருவரும் துடுப்பை நிறுத்தி, அதைப் போகவிட்டு, பிறகு நுழைந்தார்கள். மூங்கில் மறைத்துக்கொண்டது.

என் பக்கத்தில் நின்ற கங்காணி தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மழை அவர் வழுக்கைத் தலையில் பெய்தது.  வெகுநேரம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஹார்ன் கேட்டது. ஒரு தடவை அல்ல. விடாமல் அடித்துக்கொண்டே போனது. பிள்ளைகள் ஏறிவிட்டதை எங்களுக்குச் சொல்ல, கண்டக்டர் டிரைவரிடம் கேட்டு அடிக்கவைத்த ஹார்ன் அது என்று பிறகு தெரிந்தது. ஆறுமுகம் தண்ணீரில் நின்றபடியே முகத்தைக் கழுவிக்கொண்டான்.

மூங்கிலிலிருந்து படகு தனியாக வெளியே வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். லெட்சுமி கரையேறி, "எல்லாரும் என்னத்த பாக்குறீங்க? உலை வைக்கலையா?" என்றாள்.

ரோட்டைச் சரிசெய்ய ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. அதனால் அந்த நாட்களில் தோட்டத்துக்கு வெளியுலகம் பெட்டிப்போட்டில்தான் வந்தது. மருந்துப் பெட்டியோடு டிஸ்பென்சர் வந்தார். என் கைக்குக் கட்டுப் போட்டதும் அவர்தான். அரிசி வந்தது, மாவு வந்தது. ஜீப்பை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுப் புதிய துரையும் வந்தார். முழங்காலை மடக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர், பாதி வழியில் எதையோ பார்க்க உடம்பைத் திருப்பினார். "ஆடாம உக்காருங்க தொரை" என்றாள் லெட்சுமி. கரை வரைக்கும் அவர் ஆடவில்லை. இறங்கும்போது, "இதை யார் கட்டினது?" என்று மட்டும் கேட்டார். ஆறுமுகம் முன்னால் வந்து நின்றான்.

பரீட்சை முடிந்து பிள்ளைகளும் அதே வழியில் திரும்பினார்கள். கலா ஒரு கதை கொண்டுவந்தாள். முதல் நாள் காலையில் பரீட்சை மண்டப வாசலில் காவல்காரர், "மடுல்சீமைப் பக்கமெல்லாம் ரோடு போய்விட்டது, அங்கேயிருந்து யாரும் வர மாட்டார்கள்" என்று யாரிடமோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நாங்க அங்கேருந்துதான் வாறோம்னு சொன்னேன் மாமா. எப்புடி வந்தீங்கன்னாரு. போட்டுலன்னேன். யாரு போட்டுன்னாரு. எங்க அப்பா கட்டுன போட்டு, எங்க அம்மா ஓட்டுனாங்கன்னேன். அந்தாளு நம்பவே இல்ல. கையப் பாத்தாரு, எங் கையெல்லாம் கொப்புளம். அப்புறம் எழுந்திரிச்சு நின்னு கேட்டைத் தொறந்தாரு."

மூன்று பேரில் கலாவும் ராஜேஸ்வரியும் தேறினார்கள் என்று பிற்பாடு எனக்குக் கடிதம் வந்தது. சிவா அடுத்த முறை எழுதித் தேறினான்.

என் விசா முடிந்துகொண்டிருந்தது. புறப்பட்ட அன்று மழை விட்டிருந்தது. லயத்திலிருந்து ஆளுக்கொரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்து கொடுத்ததில் என் பெட்டி மூட மறுத்தது. கட்டுப் போட்ட கையோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் லெட்சுமி. ஏரி முழுக்கத் தெளிந்து, மலைகள் தலைகீழாகத் தெரிந்தன.  முதுகுக்குப் பின்னால் அவளுடைய துடுப்பின் தாளம் மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டைப் பாறையில் இறங்கினேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

"அடுத்த தடவ வரும்போது ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்காத. இந்தப் பாறையில நின்னு கூப்புடு. வந்து ஏத்திக்கிறேன்" என்றாள்.

"முத்துப்பேட்டையிலேர்ந்து கூப்புட்டா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துடுப்பால் பாறையிலிருந்து படகைத் தள்ளினாள்.

"கூப்புட்டுப் பாரு" என்றாள்.

அதற்குள் அக்கரையிலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டவுனுக்குப் போக ஆள் காத்திருந்தது. "இந்தா வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, படகைத் திருப்பிக்கொண்டு போனாள்.